பதினெட்டு நாள் வருகை

வீட்டு வாரியத்திலிருந்து வந்த காகிதத்தைத் தம்பியண்ணன் மூன்று தடவை படித்தார். முதல் தடவை எழுத்துக் கூட்டி. இரண்டாவது தடவை அர்த்தம் பிடிபட. மூன்றாவது தடவை, முதல் இரண்டும் தப்பாகப் படித்ததாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவருக்கு அந்த ஆசை அடிக்கடி வரும். இந்தத் தடவையும் பாழாய்ப்போன எழுத்து சரியாகத்தான் இருந்தது.

அண்ணி அடுப்படி நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். "என்னவாம்?"

"வீடு யார் பேர்ல இருக்கோ அவர் செத்துட்டா முப்பது நாளுக்குள்ள சொல்லணுமாம். சொன்னா பொண்டாட்டி பேருக்கு மாத்தித் தருவாங்க. சொல்லாட்டி வீட்டைத் திருப்பி எடுத்துக்குவாங்க."

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"இருபத்திரெண்டு."

வாடகை வசூலிக்க வந்த ஆளிடம் அண்ணி வாய்விட்டு அழுததன் பலன் அந்தக் காகிதம். அந்த ஆளும் பாவம், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பையிலிருந்து இதை எடுத்து நீட்டிவிட்டுப் போயிருந்தான்.

காகிதத்தின் அடியில் பெரிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதைத்தான் தம்பியண்ணன் அண்ணிக்குப் படித்துக் காட்டாமல் வைத்திருந்தார். இறப்பை அறிவிப்பு மையத்தில் ஒரு முறை சொன்னால் போதும், எல்லாத் துறைகளுக்கும் அதுவே போய்விடும், தனித்தனியாக அலைய வேண்டாம் என்றது அந்த வரி. எந்தப் புண்ணியவானுக்கோ ஜனங்கள் வாசல் வாசலாக அலைவதைப் பார்த்து மனசு கேட்காமல் போயிருக்கிறது. நல்ல காரியம்தான். தம்பியண்ணனுக்கோ அலைவதில்தான் பிழைப்பு இருந்தது. நாலு வாசல் ஏறி, ஐந்தாவது வாசலை மட்டும் தெரியாததுபோல் தாண்டிப் போயிருக்கலாம்.

ஐந்தாவது வாசல் தொழிலாளர் வாரியம்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வாரியம் அட்டை கொடுத்தது. அட்டை இருந்தால் நிரந்தரம், அறுபது வயதில் ஓய்வூதியம். அட்டை வாங்கப் பிறந்த சான்று வேண்டும். அண்ணன் பிறந்தபோது அப்பா போய் ஆபீசில் சொல்லியிருந்தார். இவர் பிறந்தபோது வேலை மும்முரம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டவர், சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, துணி தேய்த்துப் பிழைத்த அண்ணன் சான்றோடு போய் வரிசையில் நின்று சுமை தூக்கும் அட்டையை வாங்கினார். தோளில் வலுவிருந்த தம்பி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனார். முகஜாடை ஒன்று. அட்டைப் படத்தில் எல்லா முகமும் ஒன்றுதான்.

கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். 'அந்த அட்டைக்காரரோட தம்பி' என்று ஆரம்பித்தது, 'தம்பி' ஆயிற்று. பின்னால் வேலைக்கு வந்த சின்னப் பயல்கள் ஐம்பது வயசு ஆளைத் தம்பி என்று கூப்பிட வாய் வராமல், தம்பியண்ணே என்றார்கள். அதுவே நிலைத்தது. பத்து வருஷம் முன்னால் வீடு வீடாக வந்து படம் பிடித்து எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தபோது இவருக்கும் சொந்தப் பேரில் ஒன்று கிடைத்தது. அதற்குள் வாரியத்தில் பன்னிரண்டு வருஷம் ஏறிவிட்டிருந்தது. இப்போது போய் அது நான் என்றால் அந்தப் பன்னிரண்டும் தண்ணீரில் போகும் என்று இரண்டு பேருமாய் விட்டுவிட்டார்கள்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தேழு. அட்டைப்படி தம்பியண்ணனுக்கும் அதுதான், நிஜத்தில் மூன்று குறைவு. இன்னும் மூன்று வருஷம் ஓட்டிவிட்டால் போதும். "என் வயசுல நீ ரிட்டையர் ஆகற. மூணு வருஷம் உனக்கு என் சீதனம்" என்பார் அண்ணன்.

அப்படிச் சொன்னவர் ஒரு மத்தியானம் தேய்ப்பு மேஜைமேல் ஒரு சட்டையின் காலரை விரித்து வைத்தபடியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

"வாரியத்துக்கும் போயிடும்ல?" என்றாள் அண்ணி. படிக்கத் தெரியாதவள். ஆனால் படிக்காமல் விட்ட வரியைக் கொழுந்தன் முகத்தில் படித்துவிடுவாள்.

"போயிடும்."

"நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வீடு போனா போகட்டும்."

"உங்க தங்கச்சி வீட்டுல அவங்க புருஷனுக்கே படுக்க இடமில்ல."

"மூணு வருஷத்துக்குத்தானே."

"அண்ணி, சும்மா இருங்க."



மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூட்டை அடுக்கின் நிழலில் உட்கார்ந்து மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி இருபது வருஷமாக இவரைத் தெரிந்தவர், வெற்று ஆறுதல் சொல்லத் தெரியாதவர்.

"சொல்லாம இருக்க முடியாதா?"

"வீடு போயிடும்."

"சொன்னா?"

"நான் போயிடுவேன்."

மேஸ்திரி டீயை உறிஞ்சினார். "உங்க அண்ணன் ஒரு மூணு வருஷம் பொறுத்திருக்கலாம்பா."

"கேட்டுப் பார்த்திருப்பேன். டைம் கொடுக்கலையே."

"என்னைக்குப் போறே?"

"நாளைக்கு."

"சரி. இன்னைக்கு அந்த ரெண்டாவது லாரியை இறக்கிட்டுப் போ" என்றார் மேஸ்திரி.

அறிவிப்பு மையம் சுத்தமாக இருந்தது. நாற்காலிகளை ஒன்றோடொன்று கம்பியில் கோத்துத் தரையில் முடுக்கியிருந்தார்கள், துக்கத்தோடு வருகிறவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்னவோ. எதிர்ச் சுவரில் சிரித்த முகமாய் ஒரு குடும்பப் படம், அதன் கீழே 'ஒரு முறை சொன்னால் போதும்'. தம்பியண்ணன் அதை வாய்க்குள் படித்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் அண்ணி.

சொன்னார்.

"செத்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவங்களுக்கே அலுத்துப் போச்சு போல."

அறுபத்தேழாம் எண் டோக்கன். நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி மடியில் பையை வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். அந்த இருபத்து நாலு நாளில் அவள் அசந்து தூங்கியதை அவர் இங்கேதான் பார்த்தார். அறுபத்தேழு வந்தபோது எழுப்ப மனசில்லாமல் ஒரு நிமிஷம் நின்றார்.

ஜன்னலுக்குப் பின்னால் சால்வை போர்த்திய ஒரு அம்மாள். குளிர்மெஷின் நேராக அவர் தலைமேல் ஊதிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கினார், தட்டினார், வீட்டு எண்ணைக் கேட்டார், தட்டினார். எல்லாம் மளமளவென்று போயிற்று. அப்புறம் விரல் நின்றது. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி சீட்டு.

"இவர் என்னைக்கு இறந்தாரும்மா?"

"அதுல போட்டிருக்குங்களே" என்றாள் அண்ணி.

"போட்டிருக்கு. ஆனா வாரியப் பதிவுல நேத்து சாயந்தரம் ஆறே முக்காலுக்கு வேலை முடிச்சு வெளிய வந்திருக்காரே."

அண்ணி தம்பியண்ணனைப் பார்த்தாள். தம்பியண்ணன் சட்டைப்பையில் இருந்த அட்டைமேல் கையை வைத்தார்.

"இறந்த நாலாம் நாள்லேருந்து தொடர்ந்து வந்திருக்காரு. வார லீவு ரெண்டு போக பதினெட்டு நாள். நேத்து ஓவர்டைம் வேற" என்றார் அந்த அம்மாள். குரலில் கிண்டல் இல்லை, அலுப்புதான் இருந்தது. "உயிரோட இருக்கற எங்க ஆளுங்களே இவ்வளவு ஒழுங்கா வர்றதில்ல."

எந்த முட்டாளும் செய்யாத காரியத்தைச் செய்திருந்தார் தம்பியண்ணன். அண்ணன் செத்த பிறகு மூன்று நாள் இவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நாலாம் நாள் காலையில் வழக்கம்போல் எழுந்து, வழக்கம்போல் அட்டையை மெஷினில் தேய்த்து, உள்ளே போய் மூட்டைக்குக் கீழே தோளைக் கொடுத்தார். அந்த மெஷின் 'கீய்ங்' என்னும்போது உள்ளே போவது அண்ணன் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. அவருக்கு அது தன் தோள். தோள் எப்படிச் சாகும்?

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி சால்வை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே தம்பியண்ணனின் சட்டையைப் பார்த்தார். வலது தோளில் மட்டும் துணி நைந்து, உள்ளே வேறு துணி வைத்துத் தைத்திருந்தது. அதற்குமேல் அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"உங்களை நான் ஒண்ணும் கேக்கலைங்க" என்றார் குரலைத் தாழ்த்தி. "அட்டை தொலைஞ்சிருக்கும், யாரோ எடுத்து உபயோகிச்சிருப்பாங்க. அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, 'அடையாளம் தெரியாத நபர்'னு. அதுல ஒரு டிக் போட்டா அந்தப் பதினெட்டு நாளைத் தள்ளிடுவாங்க. மிச்ச இருபத்திரெண்டு வருஷமும் இறந்தவரோட வேலை. அம்மாவுக்கு வாரியத்துலேருந்து குடும்ப ஓய்வூதியம் வரும். வீடும் அம்மா பேருக்கு மாறிடும்."

"உபயோகிச்ச ஆளு?"

"யாருன்னு தெரியாதே. யாரைத் தேடப் போறாங்க?"

தம்பியண்ணன் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வதுகூட அதிகம். நாள் முழுக்க மூட்டை சுமந்தவனிடம் இங்கேயே இறக்கிவிடு என்று யாராவது சொன்னால் எங்கே, ஏன் என்று கேட்பானா? அண்ணிக்கு வீடு, அண்ணிக்கு மாசாமாசம் ஒரு வரவு. தன் இருபத்திரண்டு வருஷம் வேறு எங்கேயும் போகவில்லை, வீட்டுக்குள்தானே போகிறது.

"போட்டுடுங்க மேடம்" என்றார்.

அந்த அம்மாள் தட்டினார். காகிதம் சுடச்சுட வெளியே வந்தது. "ஒரு தடவை படிக்கறேன், சரியான்னு சொல்லுங்கம்மா. இறந்தவர் பேர்... வயசு ஐம்பத்தேழு... தொழில், சுமை தூக்குபவர்..."

"யாரு?" என்றாள் அண்ணி.

"உங்க வீட்டுக்காரர்."

"அவர் மூட்டை தூக்கினதில்லைங்களே. துணி தேய்ச்சாரு."

"பதிவுல இப்படித்தாம்மா இருக்கு."

"இருக்கட்டும். அவர் துணிதான் தேய்ச்சாரு."

தம்பியண்ணன் அவள் பக்கம் குனிந்தார். "அண்ணி, விடுங்க. ஓய்வூதியம் வரும்."

"நீங்க சும்மா இருங்க தம்பி." அண்ணி ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றினாள். குரல் ஏறவில்லை. அவளுக்கு ஏற்றத் தெம்பும் இல்லை. "மேடம், இருபத்தொன்பது வருஷமா அந்த மனுஷன் சட்டையை நான்தான் துவைக்கிறேன். அதுல கரி வாசனை வரும். இவர் சட்டையில கோணி வாசனை வரும். ரெண்டு பேர் சட்டையையும் ஒரே வாளியில முக்கினவ நான். எது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா இப்படி எழுதினாத்தான் உங்களுக்கு..."

"மூட்டை தூக்கினவர்னு எழுதினா அது வேற எவளோ ஒருத்தி புருஷன். அவளைக் கூப்பிட்டு ஓய்வூதியத்தைக் குடுங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம் இவரை என்னன்னு எழுதினீங்க? அடையாளம் தெரியாத ஆளா? எங்க வீட்டுல தினம் ரெண்டு வேளை சாப்பிடற ஆளுங்க. நான் கல்யாணமாகி வர்றப்போ வாசல்ல நின்னு என் பெட்டியை இறக்கினதே இவர்தான்."

பின்னால் அறுபத்தெட்டாம் எண்காரர் தொண்டையைக் கனைத்தார்.

அந்த அம்மாள் காகிதத்தைக் கிழிக்காமல் ஓரமாக வைத்தார். "சரி. மாத்தி எழுதினா என்ன ஆகும்னு சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. இறப்பு இன்னைக்கே பதிவாகும், வீடு உங்களுக்கு வரும். அதுல தடை வராது. ஆனா வாரிய அட்டை இன்னைக்கே முடங்கும். குடும்ப ஓய்வூதியம் கிடையாது. இவரை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. கூட வேலை பார்த்த ஆறு பேர் சாட்சி எழுதிக் கொடுத்தா, வருஷங்களை இவர் பேருக்கு மாத்தினாலும் மாத்துவாங்க. இத்தனை வருஷம் ஏமாத்தினேன்னு கேஸ் போட்டாலும் போடுவாங்க. எது நடக்கும்னு எனக்குத் தெரியாது. மூணு மாசமும் ஆகலாம், மூணு வருஷமும் ஆகலாம்."

அண்ணி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள்.

"நீங்கதான் சொல்லணும்" என்றார் அந்த அம்மாள், தம்பியண்ணனைப் பார்த்து. "தெரியாத நபரா, தெரிஞ்ச நபரா?"

அண்ணிமேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது அவருக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இந்த வயதுக்குமேல் யார் போய் ஆறு பேரைப் பிடித்து, யார் போய் விசாரணை அறை வாசலில் பெஞ்சு தேய்ப்பது?

வருஷத்துக்கு ஒரு நாள் அட்டைக்காரர் நேரில் வந்து முகம் காட்ட வேண்டும் என்று வாரியத்தில் ஒரு சட்டம் உண்டு. அன்றைக்கு அண்ணன் தேய்ப்புக் கடையைச் சாத்திவிட்டு, தம்பியின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போவார். சாயந்தரம் திரும்பி வந்து வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வார். "இன்னைக்கு நான் நீயா இருந்துட்டு வந்தேன்டா. ஒரு நாளுக்கே இப்படி வலிக்குது, நீ எப்படித்தான் தாங்கறே?" ஒவ்வொரு வருஷமும் அதே பேச்சு. ஒவ்வொரு வருஷமும் அண்ணி சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் வாரியத்துக்குத் தெரியாததை, வருஷத்துக்கு ஒரு நாள் அண்ணன் இப்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், தூக்குவது யார் என்று.

"நான்தான் மேடம்" என்றார் தம்பியண்ணன். "பதினெட்டு நாளும் நான்தான். அதுக்கு முன்னாலயும் நான்தான்."

"பேரு?"

சொன்னார். சொல்லும்போது வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. அடையாள அட்டையைக் கொடுத்தார். அந்த அம்மாள் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே. ஒரு நாள் வேலைகூட இல்ல."

"ஆமாங்க. நான் இதுவரைக்கும் சும்மாதான் இருந்திருக்கேன்" என்றார் தம்பியண்ணன். அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். உடனே சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

புதுக் காகிதம் வந்தது. தொழில், துணி தேய்ப்பவர். அதைத் தம்பியண்ணனே வாங்கி அண்ணிக்குப் படித்துக் காட்டினார். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் ரேகை வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். அண்ணன் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார், கிடங்கில் தினம் போட்டுப் பழகிய கை. தன் பேருக்கு எழுத்து எழுத்தாக நின்று போக வேண்டியிருந்தது. அறுபத்தெட்டாம் எண்காரர் இப்போது வாய்விட்டே, "கொஞ்சம் சீக்கிரம்" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நாலு நிறுத்தம் போயிற்று.

"கோபமா?" என்றாள் அண்ணி.

"அதுக்கெல்லாம் தெம்பில்ல."

"எனக்கும்தான்." ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நாளைக்குத் தேய்ப்புப் பெட்டியைப் பத்த வைக்கணும். நாலு வீட்டுத் துணி அப்படியே கிடக்கு. கேட்டு வராம இருக்காங்களே, அதுவே பெரிசு."

"உங்களுக்குத் தேய்க்கத் தெரியுமா?"

"இத்தனை வருஷம் அவர் டீ குடிக்கப் போறப்பல்லாம் யார் தேய்ச்சதுன்னு நினைச்சீங்க?"

மறுநாள் காலை கிடங்கு வாசலில் தம்பியண்ணன் அட்டையை எடுத்தார். முடங்கியிருக்கும் என்று தெரியும். தெரிந்தும் ஒரு தடவை மெஷினில் தேய்த்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வரிசையில் பின்னால் நின்ற பயல், "என்ன தம்பியண்ணே, செத்துப் போச்சா?" என்றான், மெஷினைச் சொல்லி.

"ஆமாம்ப்பா" என்று ஒதுங்கி வழிவிட்டார்.

மேஸ்திரி வாசல் மேஜையில் தினக்கூலி ஆட்கள் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைக் கேட்டார். பாதியிலேயே தலையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். பதிவேட்டைத் தம்பியண்ணன் பக்கம் திருப்பினார்.

"எழுது. பேரு, வயசு."

எழுதினார். வயது ஐம்பத்து நாலு என்று எழுதும்போது ஒரே ராத்திரியில் மூன்று வருஷம் குறைந்திருந்தது. அது ஒன்றுதான் லாபம்.

"அடுத்த கட்டம் என்ன?"

"முன் அனுபவம்."

மேஸ்திரி பேனாவால் காதைக் குடைந்தார். "என்ன எழுதப் போறே?"

தம்பியண்ணன் ஒரு சின்னக் கோடு இழுத்தார்.

"ஆறு பேர் சாட்சி வேணும்னு சொன்னியே" என்றார் மேஸ்திரி. "நான் ஒண்ணு. மிச்ச அஞ்சு உள்ள இருக்கு, எவன் மாட்டேம்பான்? ஆனா எங்கள்ல எவனுக்கும் நாலு வரி சேர்ந்தாப்ல எழுத வராது. நீதான் எழுதணும். மத்தியானம் சாப்பிட்டுட்டு எழுது, வரிசையா கையெழுத்துப் போடறோம்."

"என்னைப் பத்தி நானே எழுதறதா?"

"வேற யாருக்கு உன்னைத் தெரியும்? போ, உள்ள போ. இரு, அங்க இல்ல." மேஸ்திரி கிடங்கின் கோடியைக் காட்டினார். "புது ஆளுக்கு முதல் ஒரு வாரம் மூட்டை கிடையாது. சட்டம் அப்படி. நீயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கே. சிந்தினதைப் பெருக்கு."

துடைப்பம் மூலையில் சாய்த்து வைத்திருந்தது. தம்பியண்ணன் அதை எடுத்தார். பக்கத்தில் லாரியின் பின்கதவு இறங்கியது, ஆட்கள் வரிசை கட்டினார்கள், முதல் மூட்டை ஒரு தோளில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் குனிந்து பெருக்க ஆரம்பித்தார். வலது தோள் ஒரு பக்கமாகத் தாழ்ந்தே இருந்தது. நிமிர்த்திப் பார்த்தார். அடுத்த வீச்சுக்குள் மறுபடி தாழ்ந்துகொண்டது.